எழுதிய கைக்கு விலங்கு

2008-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 7-ஆம் நாள். கொழும்பு மாநகரில் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவின் அலுவலகத்துக்கு ஒருவர் தாமாகவே சென்றார். முதல் நாள் பிடித்துச் செல்லப்பட்ட அச்சக உரிமையாளரான நண்பரையும் அவர்தம் மனைவியையும் பற்றி விசாரித்து வருவதே அவருடைய நோக்கம். விசாரிக்கச் சென்றவர் அன்று வீடு திரும்பவில்லை. அடுத்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் திரும்பவே இல்லை.

அவர் பெயர் ஜெ. எஸ். திசைநாயகம். இலங்கைத் தமிழர், ஆனால் ஆங்கிலத்தில் எழுதுபவர். கொழும்பிலிருந்து வெளிவரும் 'சண்டே டைம்ஸ்' இதழில் பத்தி எழுதிவந்தார். 'நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி' என்னும் சிறிய திங்களிதழ் ஒன்றையும் சிறிது காலம் நடத்தினார். கையில் துப்பாக்கி ஏந்தியவரல்லர். எந்தப் படைக்கும் ஆள் சேர்த்தவருமல்லர். பேனாவும் தாளும் கொண்டு வயிறு வளர்த்தவர். அப்படிப்பட்டவரைக் குற்றச்சாட்டு எதுவும் சுமத்தாமலே ஐந்து மாதங்களுக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள்.

ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள் ஒருவாறாகக் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் கண்ட குற்றங்கள் மூன்று. 2006-ஆம் ஆண்டு தம் இதழில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் இனங்களுக்கிடையே பகைமையைத் தூண்டின என்பது முதல் இரண்டும். அந்த இதழை நடத்தப் பணம் திரட்டியது பயங்கரவாதத்துக்குத் துணைபோன செயல் என்பது மூன்றாவது.

அந்தக் கட்டுரைகளில் அப்படி என்னதான் எழுதியிருந்தார்? தமிழ் மக்களுக்கு அரசு பாதுகாப்பளிக்கத் தவறிவிட்டது என்று ஒன்றில் எழுதியிருந்தார். கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பகுதியில் மக்கள் எறிகணை வீச்சுக்கும் உணவுத் தடைக்கும் ஆளாவதை மற்றொன்றில் எழுதியிருந்தார். வாகரையை அடுத்த கதிரவெளியில், 2006 நவம்பர் 8-ஆம் நாள், அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின்மீது எறிகணைகள் வந்து விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது உலகறிந்த செய்தி. அவர் கூறிய கருத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பவர் தாமும் ஒரு கட்டுரை எழுதலாம். அதற்குத்தானே பத்திரிகை இருக்கிறது? ஆனால் கொழும்பு உயர்நீதிமன்றம் 2009 ஆகஸ்டு 31-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு வேறுவிதமாயிருந்தது. முதல் இரண்டு குற்றங்களுக்கும் தலா ஐந்தாண்டு, பணம் திரட்டியதற்குப் பத்தாண்டு. ஆக இருபது ஆண்டுக் கடுங்காவல்!

இத்தகைய தீர்ப்பு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு கவனிக்க வேண்டும். ஏனெனில் பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்புவது பெரும்பாலும் ஒரு சர்வாதிகாரியின் தனிக் கோபமன்று. ஒழுங்காக அச்சடித்து, மன்றத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டம்தான் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் பிறந்தது. மூன்றாண்டுக்கு மட்டுமே என்று சொல்லித்தான் கொண்டு வந்தார்கள். 1982-இல் அதனை நிரந்தரமாக்கினார்கள். தற்காலிகம் என்று வரும் சட்டங்களின் ஆயுள் பெரும்பாலும் இப்படித்தான் கெட்டி! அச்சட்டத்தின்படி அந்நாளில் ஒருவரை மும்மூன்று மாதமாக நீட்டிப் பதினெட்டு மாதம் வரை விசாரணையின்றி வைத்திருக்க முடிந்தது. அதைவிடக் கொடியது, ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய விதி. உதவிப் போலீஸ் கண்காணிப்பாளருக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கைதி சொன்னதாக எழுதப்பட்ட வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். அதனை அச்சுறுத்திப் பெற்றார்கள் என்றால், அச்சுறுத்தியதைக் கைதியே மெய்ப்பிக்க வேண்டும். நான்கு சுவருக்குள்ளே, தம்மையும் காவலரையும் தவிர வேறு சாட்சியில்லாத இடத்தில் நடந்ததை அவர் எப்படி மெய்ப்பிப்பார்? தம்மை அச்சுறுத்தியே வாக்குமூலம் பெற்றார்கள் என்று திசைநாயகம் முறையிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆங்கிலேயர் நம்மை அடக்கி ஆண்ட காலத்தில் 1872-இல் இயற்றிய இந்தியச் சாட்சியச் சட்டம்கூடப் போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றுதான் சொல்லிற்று. அந்நிய ஆட்சியாளர் போட்ட அந்தச் சிறு வேலியையும் சுதந்திர இந்தியா 1987-இன் தடா சட்டத்தாலும், 2002-இன் பொடா சட்டத்தாலும் சில காலம் பிடுங்கிப் போட்டது. ஆகவே அண்டை நாட்டைச் சுட்டும் விரலைச் சற்றே தாழ்த்திக்கொள்வோம். அச்சட்டங்கள் இரண்டும் பின்னர் மறைந்தன என்பது ஓர் ஆறுதல்.

திசைநாயகத்தின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அவர் விசாரணைக் கைதியாயிருந்த நாளிலேயே, 2009 மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி, அமெரிக்க அதிபர் ஒபாமா அவர் பெயரைச் சொல்லி அறிக்கை வெளியிட்டார். உலகெங்கிலும் பத்திரிகையாளர் சங்கங்கள் குரலெழுப்பின. அச்சகத் தம்பதியர்மீது தொடுத்த வழக்கு 2009 அக்டோபரில் கைவிடப்பட்டது. திசைநாயகத்துக்கு 2010 சனவரியில் ஜாமீன் கிடைத்தது. அதே ஆண்டு மே 3-ஆம் நாள் அதிபரின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. எந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு என்பதை யாரும் விளக்கவில்லை! சில வாரங்களில் அவர் தாய்நாட்டை விட்டு அமெரிக்கா சென்றார். உயிரோடு சென்றார் என்பதே அந்நாளில் பெரிய செய்தி.

ஏனெனில், அவருடைய சக எழுத்தாளர் பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி. வானொலிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19-ஆம் நாள் இரவு தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 'தராகி' என்ற புனைபெயரால் அறியப்பட்ட தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28-ஆம் நாள் கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் சடலமாகக் கிடந்தார். 2006 மே மாதம் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளை ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் கொழும்பில் கொண்டாட ஏற்பாடு செய்திருந்தது. அதற்கு முதல் நாள் இரவு யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழின் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். விழாவுக்கு வந்த வெளிநாட்டு விருந்தினர் காலையில் எழுந்து கேட்ட செய்தி அதுதான்.

தமிழர் மட்டுமே வேட்டையாடப்பட்டார்கள் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க சிங்களவர். அவர் 2009 சனவரி 8-ஆம் நாள் காலை அலுவலகம் செல்லும் வழியிலே தாக்கப்பட்டு மாண்டார். தாம் கொல்லப்பட்டால் வெளியிடுவதற்கென்றே அமைந்த அவருடைய தலையங்கம் மூன்று நாள் கழித்து அச்சேறியது. இறந்தவர் எழுதிய தலையங்கத்தை உலகமே படித்தது.

மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உண்மையைச் சொல்வோருக்கு அஞ்சியது அரசு மட்டுமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமாகிய செல்வியை 1991 ஆகஸ்டில் கொண்டு சென்றவர்கள் விடுதலைப் புலிகள். அவர் மீண்டு வரவேயில்லை. தமிழரின் பெயரால் தமிழச்சியின் குரல் அடக்கப்பட்டது. நம்முள் சிலர் இதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள். தயங்குவதும் ஒருவகைத் தணிக்கைதான்.

யாழ்ப்பாணம் என்பது எழுத்தறிவுக்குப் பெயர்பெற்ற மண். 1841-இலேயே 'உதயதாரகை' அங்கே வெளிவந்தது. நம் கத்தோலிக்கச் சபையின் 'பாதுகாவலன்' 1876 முதல் அங்கே வருகிறது. நம் தாத்தாமார் காலத்திலேயே ஞாயிறு பூசை முடிந்து அங்குள்ள குடும்பங்கள் தமிழில் வேதப் பத்திரிகை வாசித்தன என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த மண்ணில்தான் 1981 மே இறுதி இரவில் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. அந்நாள்களிலேயே 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. 1983 சூலை முதல் நாள் 'சாட்டர்டே ரிவியூ' வார இதழுக்குப் பூட்டுப் போட்டார்கள். அம்மாதமே கொழும்பில் தமிழர் வீடுகள் கொளுத்தப்பட்டன. முதலில் பத்திரிகையைப் பூட்டினார்கள். பிறகு வீடுகளைக் கொளுத்தினார்கள் என்ற வரிசையைக் கவனியுங்கள். பூட்டிய இதழின் ஆசிரியர் எஸ். சிவநாயகம் கடல் கடந்து தமிழகம் வந்து சேர்ந்தார்.

நம் வீட்டு முற்றம்

'இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தது, நமக்கென்ன?' என்பார் உளர். நம் சென்னை நகரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1987 மார்ச் மாதம் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பிக்பாக்கெட்காரனோடும் முகமூடிக் கொள்ளைக்காரனோடும் ஒப்பிட்டுச் சிரித்த கேலிச் சித்திரம் அது. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். தமிழகச் சட்டமன்றமோ உரிமை மீறல் என்று கண்டு, ஏப்ரல் 4-ஆம் நாள் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. விசாரணை, வழக்கறிஞர், மேல்முறையீடு ஒன்றுமில்லை. அவரைச் சென்னை மத்தியச் சிறைக்குக் கொண்டு போனார்கள்.

அந்நாளில் நான் குருமடத்து மாணவன். எங்கள் வாசிப்பறையில் அந்த வார விகடன் கைக்குக் கை மாறித் தாள் நைந்துபோனது நினைவிருக்கிறது. தண்டனை கிடைக்காதிருந்தால் அந்தத் துணுக்கை அத்தனை பேர் தேடிப் படித்திருக்க மாட்டார்கள்! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டு நாளில் அவரை விடுவித்தார்கள். அவர் அதோடு விடாமல் வழக்குத் தொடுத்தார். 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பெரிய பத்திரிகையின் அதிபருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டன்று. ஆனால் ஆள்வோர் தவறினார்கள் என்று நீதிபதிகள் எழுதிக் கொடுத்த சீட்டு அது.

பாடம் முழுவதும் மனத்தில் தங்கவில்லை போலும். 2003 நவம்பர் 7-ஆம் நாள் அதே சட்டமன்றம் 'இந்து' நாளிதழின் ஆசிரியர் உள்ளிட்ட ஐவருக்கும், 'முரசொலி' ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் மூன்று நாளில் தடை வழங்கியிராவிடில் அவர்களும் உள்ளே போயிருப்பார்கள். இரண்டு நிகழ்ச்சிகளும் அவசர நிலையின்போது நடந்தவையல்ல. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, மக்கள் மதித்துக் கொண்டாடிய தலைவர்களின் ஆட்சியில் நடந்தவை. அதனால்தான் அவற்றைச் சொல்கிறேன். 1975 சூன் 25 இரவு தில்லியில் நாளிதழ் அலுவலகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தி, மறுநாள் தணிக்கையை அறிவித்ததும், குல்தீப் நய்யார் போன்றோரைச் சிறையிலிட்டதும் எல்லாரும் அறிந்தவை. கொடுங்காலத்தின் கொடுமையை யாரும் மறப்பதில்லை. நல்ல காலத்தின் கொடுமையைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கேரளத்துப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன், உத்தரப் பிரதேசத்து ஹத்ராஸில் பட்டியலினப் பெண்ணொருத்திக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிச் செய்தி திரட்டச் செல்லும் வழியில் 2020 அக்டோபர் 5-ஆம் நாள் கைதானார். அவர் 2023 பிப்ரவரி 2-ஆம் நாள்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். இருபத்தெட்டு மாதம்! தொண்ணூறு வயதுத் தாயைப் பார்த்துவர 2021 பிப்ரவரியில் ஐந்து நாள் அனுமதி கிடைத்தது. அந்தத் தாய் அதே ஆண்டு சூன் மாதம் கண்மூடினார். மகன் அப்போது சிறையில்.

இனி நம் காட்டுப்பள்ளிக்கு வருவோம். இங்கே நம் பங்கு மக்களில் பலர் கடலை நம்பியும், துறைமுகத்தை நம்பியும், அனல்மின் நிலையங்களை நம்பியும் வாழ்பவர்கள். பத்திரிகைச் சுதந்திரம் என்பது படித்தவர் கவலை, வலை பின்னுகிறவருக்கு அதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2017 சனவரி 28-ஆம் நாளை நினைவூட்டுகிறேன். அன்று விடியற்காலை எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை, கடலுக்குக் கேடில்லை என்பதாகவே முதல் அறிவிப்பு வந்தது. கரையிலிருந்த மீனவன் கண்ணால் கண்டது வேறு. திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் பாறைகளின்மேல் கருந்தார் போல எண்ணெய் படிந்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. நிருபர்களும் படமெடுப்போரும் வந்து அதை ஊருக்குக் காட்டிய பிறகே கணக்குகள் மாறின. வாலிபர்கள் வாளி வாளியாக அந்த எண்ணெயை அள்ளிய படம் நாடு முழுதும் பரவியது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோதும், அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்து மக்கள் அம்மோனியா நெடியில் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் நடந்ததும் இதுவே. அந்த நிருபர் அஞ்சி வீட்டிலிருந்தால் எந்த அறிவிப்பு நிலைத்திருக்கும்? முதல் அறிவிப்புத்தானே? மீன் வாங்க ஆளில்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிய நம் தாய்மார்களின் இழப்புக்கு எந்த ஏட்டில் கணக்கிருந்திருக்கும்?

நிருபர்களெல்லாரும் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொய்யெழுதுவோரும், காசுக்கு எழுதுவோரும், ஒரு குடும்பத்தின் துயரத்தைப் பரபரப்பாக்கி விற்போரும் உளர். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கட்டளை அவர்களையும் கட்டும். அவர்களுக்கு அவதூறு வழக்கு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, வாசகன் அந்த ஏட்டை வாங்காமல் விடுவதும் இருக்கிறது. ஆனால் பொய்க்காகச் சிறை சென்ற நிருபர் உலகில் வெகு சிலர். நியூயார்க்கில் இயங்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி 2024 டிசம்பர் முதல் நாளன்று உலகெங்கும் 361 பத்திரிகையாளர்கள் சிறையில் இருந்தார்கள். சீனத்தில் 50 பேர், இஸ்ரேலின் சிறைகளில் 43 பேர், மியான்மரில் 35 பேர். இவர்களுள் மிகப் பலர்மீது சுமத்தப்பட்ட குற்றம் அரசுக்கு எதிரான செயல் என்பதே. பொய் எழுதினார் என்பதன்று.

கார்மேல் சபைக் குரு ஒருவர்

2022 மே 15-ஆம் நாளை நம் குடும்பங்கள் மறந்திரா. நட்டாலத்துத் தேவசகாயம் அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார். தொலைக்காட்சிக்கு முன் கூடியிருந்த நம்மவர் கண்ணெல்லாம் அவர் படத்தின்மீதே இருந்தது, அது இயல்பே. அதே மேடையில், அதே திருப்பலியில் இன்னொருவர் பெயரும் வாசிக்கப்பட்டது: ஹாலந்து நாட்டுக் கார்மேல் துறவி தீத்துஸ் பிராண்ட்ஸ்மா. இவரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

அவர் நைமேகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களின் ஆன்மகுரு. ஹிட்லரின் படை ஹாலந்தைப் பிடித்துக்கொண்டபோது, நாசிக் கட்சியின் விளம்பரங்களை எல்லா ஏடுகளும் வெளியிட வேண்டுமென்று உத்தரவு வந்தது. மறுத்தால் ஏடு மூடப்படும். வேலை செய்வோர் தெருவில் நிற்பார்கள். பேராயர் டி யோங்கின் சார்பில் பிராண்ட்ஸ்மா 1942 சனவரித் தொடக்கத்தில் ஊர் ஊராய்ச் சென்று ஆசிரியர்களைத் தனித்தனியே சந்தித்தார். வெளியிடாதீர்கள் என்றார். உடல்நலம் குன்றிய, அறுபது வயது கடந்த மனிதர்! 19-ஆம் நாள் கைது செய்யப்பட்டார். சூலை 26-ஆம் நாள் டாக்கவ் முகாமில் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். அந்த ஊசியைப் போட்ட செவிலிக்குத் தம் செபமாலையைக் கொடுத்துவிட்டு இறந்தார். அவளே பின்னாளில் வந்து சாட்சியம் சொன்னாள்.

அவர் கட்டுரை எழுதிச் சாகவில்லை. ஒரு விளம்பரத்தை அச்சிட மறுக்கும்படி சொல்லிச் செத்தார். எழுதும் உரிமையைப் போலவே எழுத மறுக்கும் உரிமையும் உயிருக்கு நிகரானது என்று அவர் கருதினார் என்பது தெளிவு. நம் காலத்தில் ஹாங்காங்கில் 'ஆப்பிள் டெய்லி' நாளிதழை நடத்திய ஜிம்மி லாய், 1997-இல் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். நாட்டை விட்டுச் செல்ல வசதியிருந்தும் செல்லாமல் 2020 இறுதியில் சிறை புகுந்தார். அவருடைய ஏடு 2021 சூன் 24-ஆம் நாளோடு நின்றது. திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்காம் நாள், 2025 மே 12 அன்று, உலகச் செய்தியாளர்களைச் சந்தித்தபோது, உண்மையைத் தேடியதற்காகச் சிறையிலிருக்கும் பத்திரிகையாளர்களுக்குத் தம் ஆதரவைத் தெரிவித்து அவர்களை விடுவிக்கக் கோரினார். பதவியேற்புத் திருப்பலிக்கும் முன்னரே இதைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கைக்கே மீண்டும் வருகிறேன். அங்கே ஒரு வீடு இன்னும் காத்திருக்கிறது. பிரகீத் எக்னெலிகொட என்பவர் சிங்களவர்; கேலிச் சித்திரம் வரைபவர், அரசியல் கட்டுரையாளர். 2010 சனவரி 24-ஆம் நாள், அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர், அலுவலகத்திலிருந்து கிளம்பியவர் காணாமற்போனார். அவருடைய மனைவி சந்தியா அன்று தொடங்கி நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார்; ஜெனீவா வரை சென்று முறையிட்டார். லூக்கா நற்செய்தியில் நீதிபதியை விடாது தொல்லைப்படுத்திய கைம்பெண்ணை நாம் அறிவோம். சந்தியாவுக்குத் தாம் கைம்பெண் தானா என்பதுகூட உறுதியில்லை. 2019-இல் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒன்பது பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2022 சனவரி 24-ஆம் நாள் அவர் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலுக்கு முன்னே சென்று, தம் கூந்தலை முற்றாக மழித்துக்கொண்டு நீதி கேட்டார். கணவர் வீட்டை விட்டுப் போய் அன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.